பச்சைப் பொத்தான்

செவ்வாய்க் குடியேற்றத்தில் இதயம் மாற்றிக்கொள்வது முடிவெட்டிக்கொள்வது மாதிரி. நலப்பேழைக்குள் படுத்தால் போதும். நோயைக் கண்டுபிடிப்பது, அறுப்பது, தைப்பது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அரை மணியில் எழுந்து வேலைக்குப் போகலாம். மனிதர் செய்யவேண்டியது பச்சைப் பொத்தானை அழுத்துவது மட்டும். அதற்கு நான்காண்டு நலவியல் பட்டம் வேண்டும். சிரிக்காதீர்கள், சட்டம் அப்படி.

பட்டதாரிகளுக்கு வேறு வழிகளும் இருந்தன. பேழைகளைப் பழுதுபார்க்கலாம், காற்றுக்கூடங்களில் கிருமி தேடலாம், பூமிக்குப் போய் ஆராய்ச்சி செய்யலாம். வகுப்பில் முதலாவதாக வந்த நப்பின்னை பொத்தானைத்தான் விரும்பினாள். நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசும் வேலை அது ஒன்றுதான்.

ஆனால் அவளிடம் வருவோர் குறைவு. கூட்டமெல்லாம் பக்கத்துப் பேழையில், உடலியலில் இரண்டு முறை கோட்டைவிட்ட வகுப்புத்தோழன் செங்குட்டுவனிடம். கேட்டால், அவருக்குக் கைராசி என்றார்கள். நப்பின்னைக்கு வயிறு எரிந்தது. இரண்டு பேழைகளையும் இயக்குவது ஒரே மூளை, இருவரிடமும் ஒரே மாதிரிதான் குணமாகிறது என்று சுவரில் வரைபடம் மாட்டினாள். மக்கள் நின்று படித்தார்கள், தலையாட்டினார்கள், போய் அவன் வரிசையில் நின்றார்கள்.

தகுதிகாண் பருவத்தின் கடைசி நாள். வேலை நிலைக்க இன்னும் ஒரு நோயாளியாவது வேண்டும், இல்லாவிட்டால் பாசிப்பண்ணைக்குப் போகவேண்டியதுதான் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

அன்று பார்த்து அவள் அப்பா அறவாழி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். பதற ஒன்றுமில்லை, மாலைக்குள் இதய வால்வை மாற்றினால் போதும் என்றது பேழையின் திரை. அவருக்கு வலியைவிட மகளின் வேலைதான் பெரிதாக இருந்தது.

"நல்ல நேரத்துலதான் வலிச்சிருக்கு. நீயே அழுத்தும்மா" என்று பேழைக்குள் படுத்தார்.

நப்பின்னை பொத்தான்மேல் விரலை வைத்தாள். எதிர்ச்சுவரில் அவள் மாட்டிய வரைபடம் தொங்கியது. அதில் ஒரு புள்ளிகூடத் தப்பில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் பயமாக இருந்தது. விரல் இறங்கவில்லை.

"எந்திரிங்கப்பா."

"ஏம்மா, மெஷின் ரிப்பேரா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எதுக்கும் செங்குட்டுவன்கிட்டயே போயிடலாம்."

அவர் எவ்வளவோ மறுத்தும் கைத்தாங்கலாக அழைத்துப்போய் வரிசையின் கடைசியில் நிறுத்தினாள். முன்னால் நின்ற பெண்மணி அவளை அடையாளம் கண்டுகொண்டு இடம் விட்டாள்.

"நல்லவேளை, இங்கயே கூட்டிட்டு வந்துட்டீங்க."

நப்பின்னை தலையாட்டினாள்.