ஒன்பதாம் தாள்

குரங்கணி ஏலக்காய் ஸ்டோரில் அன்று சாயங்காலம் மூன்று பேர் இருந்தார்கள். ஜன்னலோரம் ஷெர்லின், கல்லூரியின் தாவரச் சேகரிப்பில் உதவியாளர், பன்னிரண்டு வருடமாக மற்றவர்கள் பறித்த செடிகளுக்குச் சீட்டு எழுதுகிறவள். எதிரே, காய் உலர்த்தும் அறையின் சூடான சுவரில் முதுகைச் சாய்த்து ஆராய்ச்சி மாணவன் ராம்பிரசாத். வாசற்படியில், மலைக்கு வழிகாட்டிய உக்கிரபாண்டி. நாலாவது ஆள்போல ஒரு நாற்காலியில், செடிகளைத் தாளுக்குள் வைத்து அழுத்தும் மரச்சட்டம்.

மூன்று நாளாக அந்தச் சட்டம் ஏலக்காய் காயும் அனலுக்குள்தான் கிடந்தது. உச்சிப் புல்மேட்டில் பறித்த பூக்களில் எட்டு, அப்பளமாய்க் காய்ந்திருந்தன. ஒன்பதாவதைச் சுற்றிய செய்தித்தாளைப் பிரித்ததும் ஷெர்லினின் விரல் நனைந்தது. ஈரமண் வாசனை. நடுவில் அந்த நீலப்பூ, பனி படிந்தாற்போல், வேரோடு, பறித்த அன்று இருந்ததைவிடக் கொஞ்சம் பெரிதாக.

"தண்ணி இருக்காக்கா?" என்றான் ராம்பிரசாத். மத்தியானத்திலிருந்து ஐந்தாவது சொம்பு.

"ஒத்தச் செடியா இருந்தா படம் மட்டும் புடிச்சுட்டு விட்ருவோம்னு நீங்கதானே தாயி சொன்னீக?" உக்கிரபாண்டி பூவைப் பார்க்காமல் கேட்டார். "வெரசா குடுங்க. இருட்டுறதுக்குள்ள ஏறி, அதே குழியில வச்சுட்டு வர்றேன்."

"அண்ணனுக்கு வேற சோலி இல்ல." ராம்பிரசாத் சிரித்தான். உதடு வெடித்தது. ரத்தம் வரவில்லை.

தண்டைப் பிடித்தவன் அவன். வேரைக் கெல்லியவள் ஷெர்லின். சீட்டில் இருவர் பெயரும் இருந்தது. புதுச் செடி என்று கோயம்புத்தூர் தாவரவியல் ஆய்வகத்தில் உறுதியானால், அவள் பெயர் முதன்முதலாக அச்சில் வரும்.

சுவரோரம் ஒரு சத்தம். சருகை யாரோ மிதித்தாற்போல. ராம்பிரசாத் திரும்பி உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

"அக்கா..." குரலில் ஈரமே இல்லை. "அண்ணன்ட்ட குடுத்துருங்க."

வெளியே ஹாரன். தபாலோடு போடிக்கு இறங்கும் சுருளியின் ஜீப்பு. இதை விட்டால் திங்கட்கிழமைதான்.

"குடு தாயி. பய தாங்கமாட்டான்."

"காய்ச்சல்தாண்ணே. ஜீப்புலயே ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிடுவோம்" என்றபடி அவள் கோயம்புத்தூருக்கான கடிதத்தை இழுத்து எழுதினாள். இத்துடன் ஒன்பதாம் எண் மாதிரி. நன்கு காய்ந்த நிலையில். தேதி. கையெழுத்து.

பின்னால் உக்கிரபாண்டி அவனைத் தூக்கக் குனிந்தார். ஒரு கைக்கே, சருகுபோல லேசாக எழும்பி வந்துவிட்டான்.

"ஆத்தாடி!"

நொறுங்கும் சத்தம். நீளமாக.

அவள் திரும்பவில்லை. உறைக்குள் பூவோடு தாளைச் செருகினாள். மடிப்பை ஒட்ட நாக்கை வைத்தாள்.

சரசரத்தது.

மறுபடி வைத்தாள். தாள்மேல் தாள்.

பசையைத் தடவி ஒட்டினாள். ஜன்னல் வழியே நீட்டினாள். சுருளி வாங்கிக்கொண்டான்.

"என்னக்கா, கவர் சொட்டுது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கிலிருந்து பழுப்பாக, இதழ்போல ஒன்று உதிர்ந்து ஜன்னல் கட்டையில் விழுந்தது.

ஜீப்பு இறங்கியது.