பதக்க வரிசையில் ஒரு பிசகு

காலை ஏழு மணி. அணிவகுப்புக்குப் போக வேண்டிய பதக்கங்களை எடுக்க வந்த உதவியாளர், அமைச்சர் வீட்டுக் கண்ணாடி அலமாரியின் முன் அப்படியே நின்றுவிட்டார். நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கத்தைக் காணோம்.

பறிகொடுத்தவர் சாதாரண ஆள் இல்லை. ராணுவத் தளபதியாக இருந்து, ஓய்வு பெற்ற கையோடு தேர்தலில் ஜெயித்து, பாதுகாப்பு அமைச்சரானவர். அரை மணி நேரத்தில் வீடு முழுக்கப் போலீஸ். நம் வீட்டில் திருட்டுப் போனால் இப்படி வருவார்களா என்று கேட்காதீர்கள். விசாரணைக்கு வந்தவர் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். அதிகம் பேசமாட்டார், பேசினால் சுருக்கென்று தைக்கும்.

பூட்டு உடையவில்லை. சாவி வழக்கமான ஆணியிலேயே தொங்கியது. மிச்சப் பதக்கங்கள், ஒன்று குறைவதே தெரியாதபடி நெருக்கிக் குத்தப்பட்டிருந்தன.

“திருடன் திருடிட்டு வரிசையையும் சரிபண்ணிட்டா போவான்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ராணுவத்துல இருந்தவன் செய்வான் மேடம்,” என்றார் உதவியாளர். “வரிசையில ஒருத்தர் விழுந்தா மத்தவங்க நெருங்கி நின்னு அந்த இடத்தை மூடிடணும். ஊறிப்போன பழக்கம். ஆனா இங்க ஒரு பிசகு இருக்கு. காயம்பட்டவங்களுக்குத் தர்ற பதக்கம் நீண்ட சேவைப் பதக்கத்துக்கு முன்னால வரணும். பின்னால இருக்கு பாருங்க. அது பழைய வரிசை. போன வருஷம் மாத்திட்டாங்க. அந்த உத்தரவுல கையெழுத்துப் போட்டதே ஐயாதான்.”

“பழைய வரிசையிலேயே நின்னுபோன ராணுவக்காரர் இந்த வீட்டுல யாரு?”

உதவியாளர் ஜன்னல் வழியே கை காட்டினார். வாசலில் டிரைவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராணுவத்தில் தளபதிக்கு ஏவலாளாக இருந்து, அவர் கூடவே வந்துவிட்டவர்.

முதலில் அமைச்சர். மழமழவென்று மழித்த முகம், வளையாத முதுகு. பக்கத்திலேயே மனைவி.

“நீங்க எந்த ஸ்டேஷன்?” என்று கேட்டார் அமைச்சர்.

இன்ஸ்பெக்டர் சொன்னார். பிறகு, “ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டுதா ஐயா?”

“நல்லாத் தூங்கினார்,” என்றார் மனைவி.

“டிரைவர் மேல சந்தேகம் இருக்கா?”

“இருக்கு. அவரை விசாரிங்க.” அதையும் மனைவியேதான் சொன்னார்.

அமைச்சர் இன்ஸ்பெக்டரை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க எந்த ஸ்டேஷன்?”

பெரிய இடத்து ஆட்கள் நம்மை மட்டம் தட்டுவது இப்படித்தான் என்று இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சொன்னார்.

டிரைவரோ, கேள்வி கேட்கும் முன்பே பதில் சொல்லிவிட்டார். “நான்தான் எடுத்தேன்.”

“எங்க வச்சிருக்கீங்க?”

“தொலைஞ்சுபோச்சு.”

“எதுக்கு எடுத்தீங்க?”

“புத்தி கெட்டுப்போச்சு. விலங்கை மாட்டுங்க மேடம்.” கண் மட்டும் மாடி ஜன்னலை விட்டு நகரவில்லை.

“பதக்கத்துக்கெல்லாம் பாலிஷ் போடுறது யாரு?”

“வேற யாரு? வாரா வாரம் கழட்டித் துடைச்சு, புது வரிசைப்படி நான்தான் திரும்பக் குத்தி வைப்பேன்.”

டிரைவரை ஜீப்பில் ஏற்றினார்கள். தானும் ஏறப் போன இன்ஸ்பெக்டர் என்ன நினைத்தாரோ, திரும்ப உள்ளே போய் அமைச்சரின் மனைவியைத் தனியே அழைத்தார்.

“டிரைவர் எடுக்கலைம்மா. வாரா வாரம் புது வரிசையில குத்துற கை, திடீர்னு பழைய வரிசைக்குப் போகாது. வீட்டுல இன்னொரு ராணுவக்காரர் இருக்கார். வரிசையை மாத்தினவரே அவர்தான், அவருக்கு எப்படித் தெரியாம இருக்கும்னு எல்லாரும் விட்டுட்டோம். ஆனா என் ஸ்டேஷனை ரெண்டு நிமிஷத்துல மறந்துட்டார். நான் அதைத் திமிர்னு நினைச்சேன். எடுத்தது ஐயா. உங்களுக்கும் தெரியும், டிரைவருக்கும் தெரியும். எத்தனை நாளா அவருக்கு இப்படி?”

“ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.”

அன்று காலைதான் பூட்டிய மாடி அறையை அந்த அம்மாள் திறந்தார். சுருக்கம் இல்லாமல் விரித்த கட்டில். சுவரில் ஓர் இளம் அதிகாரியின் சீருடை தொங்கியது. அதன் மார்பில் பதக்கம்.

“எங்க ஒரே பிள்ளை. இவர் தளபதியா இருந்தப்போ நடந்த சண்டையில செத்தான். இந்தப் பதக்கத்துக்கு அவன் பேரையும் எழுதி அனுப்பியிருந்தாங்க. அப்பனே மகனுக்குக் குடுக்கக் கூடாதுன்னு அந்தப் பேரை இவரே அடிச்சிட்டார். நாடே இவரைத் தலைமேல தூக்கி வச்சுக் கொண்டாடுச்சு. அந்தப் பேர்லதான் அமைச்சரும் ஆனார்.”

“அதுக்காக ஒரு பாவமும் அறியாதவரை மாட்டிவிடுவீங்களா?”

“என் பிள்ளையைக் குடுத்து வாங்கின பதவிம்மா இது. இதுவும் போயிடுச்சுன்னா அவன் எதுக்குச் செத்தான்?”

வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதார். ஆனாலும் இன்ஸ்பெக்டர் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

“கீழ ஜீப்புல ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கார்மா.”

அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாடிப்படி ஓரத்திலிருந்து உதவியாளரைக் கூப்பிட்டார். “டிரைவரை இறக்கிவிடச் சொல்லுங்க. அவர்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். ஐயா அணிவகுப்புக்கு வரமாட்டார். ராஜினாமாவை எழுதிக் கொண்டுவாங்க, கையெழுத்துப் போட அவருக்கு இன்னும் தெரியும்.”

பேச்சுச் சத்தம் கேட்டு அமைச்சர் மேலே வந்தார். சீருடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இவனுக்கு யாரு குடுத்தா?”

“நீங்கதான்.”

“ஊர்ல என்ன பேசுவாங்க?”

“பேசிட்டுப் போகட்டும்.”

அமைச்சர் சீருடையின் காலரை நிமிர்த்திவிட்டார். முகத்தில் லேசான வெட்கம்.

“அவன்கிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேங்க,” என்றார் மனைவி. “ரொம்ப சந்தோஷப்பட்டான்.”