தூர்ந்த கிணற்றின் மேல்

பால் கறந்து முடித்துச் சரசு கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. இரவெல்லாம் கொட்டிய மழையில் வாசலிலும் ரோட்டிலும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஆனால் கொட்டகைக்குப் பின்னால், வண்டி திரும்புகிற இடத்தில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. அத்தனையையும் மண் குடித்துவிட்டிருந்தது. அவள் அந்த மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்தாள். இன்றைக்குத்தான் டிராக்டர் வருகிறது.

அடி அண்ணாமலையில் பதினான்கு மாடு வைத்திருக்கிற வீடு அது. சரசுவின் புருஷன் அப்பாதுரையும் அவர் தம்பி விமல்ராஜும் குடும்பத்தோடு ஒரே அடுப்பில் உண்கிறவர்கள். சாணி அள்ளவும் தீவனப் புல் ஏற்றவும் ஒரு டிராக்டர் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எந்த டிராக்டர் என்பதில்தான் ஒரு மாதமாக அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

கன்றுக்குட்டி கட்டும் கயிற்றால் கொட்டகையின் நடுப்பாதையை அளந்து, முடிச்சுப் போட்டு, அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஷோரூமுக்குப் போனவள் சரசு. அங்கிருந்த ஆள் முதலில் சிரித்தான். முடிச்சைப் பார்த்த பிறகு மரியாதையாக ஒரு சின்ன வண்டியிடம் அழைத்துப் போனான். அகலம் கயிற்றுக்குள் அடங்கியது. கூரையில் தலை இடிக்காது. எடை முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் மேலே. மாடுகளுக்கு நடுவே ஓட்டிப்போய்ச் சாணியை அள்ளிக்கொண்டு அப்படியே வெளியே வந்துவிடலாம்.

விமல் கண்ணில் பட்டதோ இரண்டு டன் எடையுள்ள நாற்பத்தேழு குதிரைத்திறன் வண்டி. ஓய்ந்த நாளில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வாடகைக்கு உழப் போகலாம் என்றான். அண்ணி காட்டியது பொம்மை வண்டி, ஊரே சிரிக்கும் என்றான். அவ்வளவு பெரிய வண்டி கொட்டகைக்குள் எப்படி நுழையும் என்று சரசு கேட்டதற்கு, பின்னால் சுற்றிப் போய்த் திருப்பிக்கொள்கிறேன் என்றான். அந்த ஒரு வார்த்தைதான் அவளைக் கலக்கியது.

பின்னால் இருந்தது பழைய கிணறு.

அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்த புதிதில் போர்வெல் போட்டார்கள், கிணறு வற்றியது. ஒரு கன்று அதில் விழுந்து செத்தது. மாமனார் கிணற்றைத் தூர்க்க முடிவு செய்தார். கிணற்றைத் தூர்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊரில் ஒரு பயம் உண்டு. லாரி லாரியாக மண் இறக்கினால் ஊர் வாய் சும்மா இருக்காது. அதனால் யாருக்கும் தெரியாமல் மூத்த மருமகளை வைத்தே தூர்த்தார். சாணி, மாடு கழித்த வைக்கோல், காய்ந்த வேர்க்கடலைக் கொடி என்று தினமும் கூடை கூடையாக மூன்று வருஷம் அவள் தலையில் சுமந்து கொட்டினாள். அப்பாதுரை அப்போது பெங்களூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். விமல் ஹாஸ்டலில் படித்தான். கடைசியில் மேலே மட்டும் ஒரு டிப்பர் மண்ணை அடித்துவிட்டு, கல்லும் மண்ணும் போட்டுத் தூர்த்தாயிற்று என்று பிள்ளைகளிடம் சொன்னார் மாமனார். பெண்டாட்டியை மாடாக உழைக்க விட்டது தெரிந்தால் பெரியவன் சண்டைக்கு வருவான் என்று, எரிகிற கற்பூரத்தின் மேல் சரசுவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அந்த மூன்று வருஷத்தில் அவள் வயிற்றில் தங்கியது இரண்டு முறை கலைந்தது. அதற்குப் பிறகு தங்கவே இல்லை. கலைந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; ஏன் என்று மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. லீவுக்கு வரும் விமலையே பிள்ளையாக வளர்த்தாள். பெற்றவள் இருந்திருந்தாலும் அவனுக்கு அவ்வளவு செய்திருப்பாளா என்பது சந்தேகம்.

போன வாரம் அந்தச் சத்தியத்தை உடைத்துச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. கொழுந்தன் முன்னேறுவது பொறுக்காமல் அக்கா கதை கட்டுகிறாள் என்று விமலின் மனைவி ரேவதி முணுமுணுத்தாள். இருபது வருஷம் வாய் திறக்காதவள் இப்போது ஏன் திறக்கிறாள் என்பது அவள் கேள்வி. விமல் கடப்பாரையை எடுத்துப்போய் அந்த இடத்தில் ஓங்கிக் குத்தினான். மாடுகள் மிதித்து மிதித்து இறுகிய மேல்மண் கணீரென்றது. அப்பாதுரைதான் அவளைத் தனியாக நிறுத்திக் கேட்டார்.

"செத்துப்போன மனுசன் வந்து பதில் சொல்ல மாட்டாருன்ற தைரியமா சரசு? எங்கப்பாவ பொய்யருன்றியா?"

அன்றிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை.

பத்து மணிக்கு டிராக்டர் வந்தது. வாங்குமுன் ஓட்டிப் பார்க்கத்தான் கம்பெனிக்காரன் கொண்டுவந்தான். விமலுக்கு எங்கே பொறுமை? டெமோ வண்டிக்கே மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டான். ஐந்து வயது மகள் கவியாவைத் தூக்கிப் பின்சக்கரத்து மட்கார்டு மேல் உட்காரவைத்தான். மலையின் மேல் மேகம் இறங்கிக் கிடந்தது. கொட்டகையில் மாடுகள் ஒரு வாய் தீனிகூடத் தின்னாமல் நின்றன.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனது.

சரசு ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றாள். விமல் பிரேக்கை அழுத்தியதுதான் தாமதம், குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கவியா வீறிட்டாள். ரேவதி பாய்ந்து வந்தாள்.

"நல்ல காரியத்துல ஏன்கா கொழந்தைய அழ வெக்கிறீங்க? பெத்திருந்தா தெரியும் பிள்ள அருமை."

அப்பாதுரை தலையைக் குனிந்துகொண்டார். சரசுவின் கண் நிறைந்தது, குரல் மட்டும் பிசகவில்லை.

"பெக்கல ரேவதி. அதனாலதான் இருக்குற ஒண்ண எறக்குறேன்."

வண்டியைத் திருப்புவதற்காக, விமல் கோபத்தோடு கிணறு இருந்த பக்கமாக ரிவர்ஸ் போட்டான். வண்டி பின்னால் போனது. ஐந்தடி, பத்தடி. எதுவும் ஆகவில்லை. ரேவதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் மண்ணுக்கடியில் எதையோ கிழிப்பது மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"விமலு... குதிடா!"

அவனுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'டா' போட்டுக் கூப்பிட்டதே இல்லை. சின்ன வயதில் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்ட பழக்கம், என்ன ஏது என்று கேட்காமல் குதித்துவிட்டான். முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு அவன் சேற்றில் உருண்ட அதே நேரம், தரை வாயைத் திறந்தது. பின்சக்கரம் இரண்டும் உள்ளே போயின. மாலை போட்ட முன்பக்கம் வானத்தைப் பார்க்க எழும்பி நின்றது. கவியா உட்கார்ந்திருந்த மட்கார்டு மண்ணுக்குள் போயிருந்தது.

பள்ளத்திலிருந்து இருபது வருஷத்து மக்கிய சாணி நாற்றம் எழுந்து முற்றத்தை நிறைத்தது. கல் ஒன்றையும் காணோம்.

ரேவதி மட்கார்டு இருந்த இடத்தையே வெறித்துப் பார்த்தாள். பிறகு முட்டி போட்டு, சரசுவின் இடுப்பைக் குழந்தையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கதறினாள். சரசு அவள் தலையில் கை வைத்தாள்.

விமல் சேற்றோடு எழுந்து வந்தான். அண்ணி முன்னால் கையை நீட்டினான்.

"அந்தக் கயித்தக் குடுங்க அண்ணி" என்றான். "அந்த முடிச்சுக்குள்ள அடங்குற வண்டிதான் இந்த வூட்டுக்கு."

ஷோரூம் போன நாளிலிருந்து இடுப்பிலேயே இருந்ததைச் சரசு எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அப்பாதுரை யாரையும் பார்க்காமல் பள்ளத்தின் ஓரம் போய் மண்டியிட்டார். கறுத்து மக்கியதில் ஒரு கை அள்ளினார். விரலிடுக்கில் வேர்க்கடலைக் கொடி நார் நாராகத் தொங்கியது. அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"எத்தினி கூடை சொமந்த சரசு?"

"எண்ணலைங்க."

அவர் அந்தக் கொடியை ஒவ்வொரு நாராகப் பிரித்தார். எதையோ வருஷம் போட்டுக் கணக்குப் பார்க்கிறவர் போல உதடு அசைந்தது. சட்டென்று அசைவு நின்றது.

"அப்போ... அந்த ரெண்டு வாட்டி கலைஞ்சதும்..."

சரசு குழந்தையின் முகத்தைத் தன் தோளில் திருப்பி வைத்துக்கொண்டாள். அப்பாதுரை அள்ளியதைக் கீழே போடாமல், அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதார்.