சாணுக்கு ஏழு பிழை

காலை ஒன்பது மணிக்குப் பாய்ப் பட்டறைக்காரி மைமூன் அன்றைய பிழைகளை விரலோட்டிகளில் ஏற்றினாள். சாணுக்கு ஏழு. எட்டாவது வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

விரலோட்டி ஒரு மெல்லிய கையுறை. மாட்டிக்கொண்டால் போதும், விரலை அதுவே மடக்கும், நீட்டும், பருத்தி நூல் பாவுக்குள் கோரைப்புல்லைச் செலுத்தி இழுக்கும். கடல் தாண்டிப் பத்தமடைக்கு வரும் தீவுக்காரர்கள் மூன்றே நாளில் ஒரு பாய் நெய்துவிடுவது இப்படித்தான். ஆனால் பிசிறில்லாமல் நெய்தால் அதைக் கைவேலை என்று யார் நம்புவார்கள்? அதற்காகத்தான் பிழை. வாசலில் நிற்கும் கைமணமானி பாயைத் தடவிப் பிழைகளை எண்ணும். சாணுக்கு ஏழு இருந்தால் பச்சை விளக்கு எரியும், 'மெய்யான கைவேலை' என்ற முத்திரை விழும். குறைந்தால் சிவப்பு.

பசிபிக் கடலின் டோங்கா தீவிலிருந்து வந்த லாவினியா முதல் நாளே கையுறையைக் கழற்றிவிட்டார். நாற்பது வருடம் தாழை ஓலையில் பாய் முடைந்த கை அவருடையது.

"இது விரலக் கிள்ளுது தாயி," என்றது அவர் கழுத்தில் தொங்கிய மொழிபெயர்ப்பி. திருநெல்வேலியில் வாங்கியது, அதற்கு வேறு தமிழ் தெரியாது. "எம்மவ கல்யாணத்துக்குப் பாய்தான் சீரு. நான் முடைஞ்சத மாப்பிள்ள வீட்டுல மிஷின் பாய்னுட்டாவ. முத்திர எங்கன்னு கேக்காவ. அதுக்குத்தான் இம்புட்டுத் தூரம் வந்தேன்."

மூன்றாம் நாள் அவர் நெய்து முடித்த பாய் பட்டுபோல் மடிந்தது. கைமணமானி இருமுறை தடவிப் பார்த்தது. ஒரு பிழைகூட இல்லை. சிவப்பு: 'இயந்திர நெய்வு.'

"ஒரு தப்பாவது போட்டிருக்கக் கூடாதா லாத்தா?" மைமூன் தலையில் கைவைத்தாள். மூத்த பெண்கள் எல்லாரும் அவளுக்கு லாத்தாதான்.

"போட்டுப் பாத்தேன் தாயி. கை கேக்க மாட்டேங்கு."

மறுநாள் விமானம். வெறுங்கையோடு போனால் கல்யாணம் நிற்காது, ஏச்சுப்பேச்சும் நிற்காது. மைமூன் வெற்று விரலோட்டிகளைத் தறிமேல் வைத்து முடுக்கினாள். கையில்லாத விரல்கள் எழுந்து நெய்யத் தொடங்கின. உள்ளே மனிதக் கை தடையாக இல்லாததால் நான்கே மணி நேரத்தில் பாய் முடிந்தது. சாணுக்கு ஏழு இடத்தில் விரல்கள் தவறாமல் தவறியிருந்தன.

பச்சை. மெய்யான கைவேலை.

லாவினியா தடவிப் பார்த்தார். "கோணலால்லா கெடக்கு!"

"அவிய பாயவா பாக்கப் போறாவ? முத்திரையத்தான பாப்பாவ, லாத்தா."

வழியில் முத்திரை கசங்கிவிடக் கூடாதே என்று, தான் நெய்த பாயை அந்தக் கோணல் பாய்க்கு உறையாகச் சுற்றிக் கட்டினார் லாவினியா.

பத்து நாளில் மைமூனுக்குக் கல்யாணப் படம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவர்பின் ஒருவராக மண்டியிட்டு முத்திரையைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். முழங்காலில் மண் ஒட்டாதிருக்கக் கீழே அந்த உறையை விரித்திருந்தார்கள்.