அனுப்பியவர் திரும்பப் பெற்றுக்கொண்டார்

"என் வீட்டுக்காரர் எனக்கு எழுதினதையெல்லாம் ஒண்ணொண்ணாத் திரும்ப வாங்கிக்கிடுதாரு," என்றாள் சங்கரி.

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் பாபநாசம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அவரு போன ஐப்பசியில இறந்துட்டாரு, அண்ணாச்சி."

தேநீர்க் குவளைகளோடு உள்ளே வந்த முகம்மது சுல்தான் வாசலிலேயே நின்றுவிட்டான். வண்ணார்பேட்டைச் சாலையில் ஒரு பேருந்து விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கீழே செல்போன் பழுது பார்க்கும் கடை சுல்தானுடையது; மாடி அறை பாபநாசத்துடையது. அஞ்சல் துறையில் காணாமற்போன தபால்களைத் தேடுவதையே வேலையாகக் கொண்டிருந்து ஓய்வுபெற்றவர் அவர். நாற்பது வயதைத் தாண்டிய சுல்தான், மேலே யாராவது படியேறினால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்துவிடுவான்.

"முதல்லேருந்து பையச் சொல்லுங்க, தாயி," என்றார் பாபநாசம்.

சங்கரி சொன்னாள். அவள் கணவர் குமரகுருபரனும் சிராஜுதீன் என்பவரும் கூட்டாகப் பேட்டையில் இயந்திர உதிரி பாகங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் சிறு நிறுவனம் நடத்தினார்கள். வரைபடங்கள் கைமாறிப் போகாமல் இருக்க மின்மடலுக்கு ஒரு காப்பு மென்பொருள் வாங்கியிருந்தார்கள். அதில் அனுப்பிய மடல் போய்ச் சேர்ந்த பிறகும் அனுப்பியவர் கையிலேயே இருக்கும். யார் திறக்கலாம், எந்தத் தேதி முதல் திறக்கலாம் என்பதெல்லாம் அவர் வைத்ததுதான். வேண்டாமென்றால் என்றைக்கும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

"அதுலேயே எனக்கும் எழுதுவாரு. மத்தியானம் என்ன குழம்பு, சாயங்காலம் எங்க போகலாம்னு. சண்டை போட்டா மன்னிப்பும் அதுலதான். வாயால சொல்ல வராது அவருக்கு. எழுதத்தான் வரும்."

அவர் போன பிறகு அந்த மடல்களைத்தான் தினமும் வாசித்துக்கொண்டிருந்தாள். மார்கழியில் ஒருநாள், இருப்பதிலேயே பழைய மடலைத் தொட்டபோது எழுத்துகள் இல்லை. வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி: 'அனுப்பியவர் இந்த மடலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.'

அடுத்த வாரம் அதற்கடுத்தது. பிறகு அதற்கடுத்தது.

அந்த வரியைப் பார்த்து அவள் பேசத் தொடங்கியிருந்தாள். அதை இவர்களிடம் சொல்லவில்லை. யாருமில்லாத வீட்டில், குறுக்குத்துறை ஆற்றிலிருந்து வரும் காற்றில் சன்னல் அடித்துக்கொள்ளும்போதெல்லாம், "இன்னுமா கோவம்?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பாள். தனக்கே பயமாக இருந்தது.

"கோவம்னு நினைக்கீங்களா?" என்று பாபநாசமே கேட்டுவிட்டார்.

அவள் திடுக்கிட்டாள். "அன்னைக்குக் காலையில நான் அவரைப் பேசாத பேச்சுப் பேசிட்டேன், அண்ணாச்சி. மகளுக்கு ரொம்ப இடம் குடுக்கீங்க, ஒருநாள் எல்லாரும் அழப்போறோம்னு. பதில் பேசாமப் போனாரு. மறுநாள் விடியக்காலையில, மாஞ்சோலை மலைப் பாதையில பைக்கோட பள்ளத்துல விழுந்துட்டாருன்னு சொன்னாங்க. எதுக்கு அங்க போனாருன்னே எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு தேயிலை ஆலையில மெஷின் பார்க்கப் போனாருன்னு சிராஜ் அண்ணன் சொன்னாங்க."

"மடல்கள் எந்த நாள்ல போகுது?"

"திங்கட்கிழமை பார்த்தா ஒண்ணு ரெண்டு போயிருக்கும். பொங்கல் லீவுல தினமும் போச்சு."

"வரிசையாவா? நடுவுல எதையும் விடலையா?"

"ஒண்ணை மட்டும் விட்டிருக்காரு. அடுப்படியில நின்னு அவரே சொதிக் குழம்பு வச்ச அன்னைக்கு, எங்க மக சித்ரலேகாவைக் கூப்பிட்டுப் பேசுத குரலைப் பதிஞ்சு அனுப்பியிருந்தாரு. 'ஏட்டி சித்ரா, உப்புப் பாரு'ன்னு. அது மட்டும் இருக்கு. எனக்குப் பிடிக்கும்னு விட்டுட்டாரோ என்னமோ."

"கடைசி மடல்?"

அவள் கைப்பேசியைத் திறந்து நீட்டினாள். குமரகுருபரன் இறந்த அன்று மாலையில் அனுப்பிய மடல். தலைப்பு: 'பரீட்சை முடிஞ்ச பிறகு படி.' உள்ளே ஒரு பூட்டுப் படம். சித்திரை மாதத்தில் ஒரு தேதி. அதற்கு முன் திறக்காது.

"மகளுக்குக் கடைசி வருஷம். நாகர்கோவில்ல ஹாஸ்டல்ல இருக்கா. அவ பரீட்சை முடியுத மறுநாள்தான் இது திறக்கும். அதுக்காகத்தான் இருக்கேன்னு வச்சுக்கோங்க. ஆனா வரிசை இதை நெருங்கிட்டு. இதையும் எடுத்துக்கிட்டாருன்னா..."

சுல்தானுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, இது பேயுமில்ல பிசாசுமில்ல. அந்தக் கூட்டாளிதான். மடல்ல ஏதோ விவகாரம் இருக்கு. மறைக்கப் பாக்காரு."

"இருக்கலாம். அவரு கைப்பேசி எங்க இருக்கு, தாயி?"

"உடைஞ்சு போச்சு. பீரோவுல வச்சிருக்கேன். மொதல்ல நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தேன், அணைச்சு வச்சிருக்குன்னு வந்துச்சு. அதுக்கப்பறம் கூப்பிட தைரியம் வரல."

சுல்தான் எண்ணைக் கேட்டுத் தன் கைப்பேசியில் அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டான்.

மணி அடித்தது.

பீரோவுக்குள் உடைந்து கிடக்கும் கைப்பேசியின் எண், எங்கோ நிதானமாக அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. சங்கரி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அணைச்சிரும் வே," என்றார் பாபநாசம் மெதுவாக.

மறுநாள் மூவரும் பேட்டைக்குப் போனார்கள். சிராஜுதீன் எழுந்து வந்து, "வா தங்கச்சி," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆனால் சங்கரியின் முகத்தை அவர் நேராகப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் அப்படிப்பட்டவர் இல்லை.

"இங்கேருந்து உங்களால அந்த மடல்களை மூட முடியுமா?" என்று பாபநாசம் கேட்டார்.

"மொத்தக் கணக்கையும் மூடலாம், அண்ணாச்சி. ஒரே அடியா எல்லாம் போயிரும். ஒண்ணொண்ணாப் பொறுக்கி எடுக்கணும்னா குமரன் பேருல உள்ள போகணும். கடவுச்சொல்லும் வேணும், ஒவ்வொரு தடவையும் அவன் நம்பருக்கு வார ஓ.டி.பி. எண்ணும் வேணும்." மென்பொருளைத் திறந்து காட்டவும் செய்தார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

"மாஞ்சோலைக்கு ஆலையில மெஷின் பார்க்கப் போனதாச் சொன்னீங்களாம். இந்தப் போன ஐப்பசியிலயா?"

"ஆமா. அந்த ஐப்பசிதான்." அவர் மேசைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். பிறகு, கேட்காமலேயே, "அந்தக் கடைசி மடலை விட்டுரேன் தங்கச்சி. இறந்தவன் எழுதினதைக் கிளறி என்ன ஆகப்போகுது?" என்றார்.

வெளியே வந்ததும் சுல்தான் துள்ளினான். "பார்த்தீங்களா? தேயிலைத் தோட்டத்தையே மூடிட்டாங்க, அந்த ஐப்பசியில மலையில சனங்க வீட்டைக் காலி பண்ணிச் சாமான் ஏத்திட்டு இறங்கிட்டு இருந்தாங்க. ஆளே இல்லாத ஆலையில என்ன மெஷினைப் பார்க்கப் போனாராம்? பொய் சொல்லுதாரு!"

"பொய்தான்," என்றார் பாபநாசம். "ஆனா தனக்காகப் பொய் சொல்லுத ஆளு, கேட்ட உடனே மென்பொருளைத் திறந்து காட்ட மாட்டான்." சங்கரியிடம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வாறேன், தாயி. சிராஜுதீனையும் வரச் சொல்லுங்க. மக வீட்ல இருப்பாள்லா?"

"சனிக்கிழமை வந்துருவா. வார நாள்ல ஹாஸ்டல்ல போனைக்கூட வாங்கி வச்சிருவாங்க. நான் எதுவும் அவகிட்டச் சொல்லல. படிக்குத பிள்ளை, பயந்துருவா."

பாபநாசம் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு ஆட்டோவில் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆற்றில் குளிப்பவர்களின் சத்தம் வீடுவரை கேட்டது. கூடத்தில் சிராஜுதீன் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சித்ரலேகா கதவோரமாக, மடியில் புத்தகத்தோடு. இந்த ஐந்து மாதத்தில் அவள் எவ்வளவு இளைத்துப்போயிருக்கிறாள் என்பதை, அந்நியர் நடுவே பார்த்தபோதுதான் சங்கரி கவனித்தாள்.

உடைந்த கைப்பேசியைச் சங்கரி கொண்டுவந்து கொடுத்தாள். சுல்தான் ஒரு கம்பியால் அதன் பக்கவாட்டுத் தட்டை வெளியே தள்ளினான். "சிம் இல்ல, அண்ணாச்சி."

"பீரோச் சாவி யாருகிட்ட இருக்கும்?"

"எங்கிட்டதான். சமையல்கட்டு ஆணியில மாட்டியிருப்பேன்," என்றாள் சங்கரி. சொல்லும்போதே அவள் கண் மகள் பக்கம் போனது.

பாபநாசம் யாரையும் பார்க்காமல், சன்னலைப் பார்த்துப் பேசினார்.

"சிம்மை எடுத்தவங்க இந்த வீட்டுக்குள்ள வந்து போறவங்க. அவரு கடவுச்சொல்லும் தெரிஞ்சவங்க. பணம் போட்டு அதை உயிரோட வச்சிருக்காங்க. சிராஜுதீனுக்கு அது தேவையில்ல. மூடணும்னா இருந்த இடத்துலேருந்தே எல்லாத்தையும் மூடியிருப்பாரு. மடல்கள் போறது வாரக் கடைசியில. பொங்கல் லீவுல தினமும். வார நாள்ல அந்த நம்பர் அடிச்சா யாரும் எடுக்கல. எடுக்க வேண்டிய ஆளு கையில அன்னைக்கு அந்தப் போன் இல்ல."

ஆற்றங்கரையில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

"எல்லாத்தையும் மூடுத கை ஒண்ணே ஒண்ணைத் தாண்டிப் போயிருக்கு. 'ஏட்டி சித்ரா'ங்குற குரல். அதை உங்களுக்காக விடல, தாயி. மூட மனசு வரல. மூடினவங்களுக்கும் அந்தக் குரல் வேணும்."

"எதுக்கு மூடணும்?" என்று கேட்டாள் சங்கரி.

"கடைசி மடலுக்காக. அதை மட்டும் எடுத்தா, ஏன் அதை மட்டும்னு நீங்க கேப்பீங்க. வரிசையா ஒண்ணொண்ணா எடுத்தா, மென்பொருள் கெட்டுப்போச்சுன்னோ, வேற என்னமோன்னோ நினைச்சுக்கிடுவீங்க. அன்னைக்கு அவரு எதுக்காக மலைக்குப் போனாருங்கிறது அந்த மடல்ல இருக்கும்னு பயம். சிராஜுதீனுக்கும் அது தெரியும். அதான் ஆளில்லாத ஆலைக்கு மெஷின் பார்க்கப் போனாருன்னு பொய் சொல்லிட்டாரு." பாபநாசம் தன் கைப்பேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இப்ப அந்த நம்பரை நான் அடிக்கலாம். இந்த அறையிலேயே சத்தம் கேக்கும். அடிக்க எனக்கு மனசில்ல. நீயாச் சொன்னா நல்லதும்மா."

புத்தகம் தரையில் விழுந்தது.

"அப்பாவை நான்தான் கூப்பிட்டேன்," என்றாள் சித்ரலேகா. குரல் பிசிறவில்லை, பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்த சொற்கள் அவை. "மழைக்காலத்துல மலைக்குப் போகக்கூடாதுன்னு நீ சொல்லியிருந்தேம்மா. கூடப் படிக்குத ஸ்டெபி வீட்டை அங்க காலி பண்ணுதாங்க, இனிமே அந்த இடத்தைப் பார்க்க முடியாதுன்னு, ஸ்பெஷல் கிளாஸ்னு பொய் சொல்லிட்டு அவகூடப் போனேன். கடைசி பஸ் வரல. அப்பாவுக்குப் போன் பண்ணினேன். அம்மாகிட்டச் சொல்லாதீங்கன்னு அழுதேன். வாறேன்னாங்க."

சிராஜுதீன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் கிளம்பினான், தங்கச்சி. யாருகிட்டயும் சொல்லாதே, பிள்ளை பயந்துபோய் இருக்கான்னான். அதுக்கப்பறம் நான் எப்படிச் சொல்லுவேன்? சொன்னா இந்தப் பிள்ளை என்ன ஆகும்?"

சங்கரி எழுந்தாள். மகளை அடிக்கப் போகிறாள் என்றே சுல்தான் நினைத்தான். அவன் கை தானாக முன்னால் வந்தது. அவள் மகளுக்கு எதிரே தரையில் போய் உட்கார்ந்தாள். இத்தனை மாதமாக இந்த வீட்டில் பேய்போல நடமாடியது யார் என்பது இப்போது தெரிந்துவிட்டது. அது வாராவாரம் பக்கத்து அறையில்தான் படுத்திருந்தது, சாப்பிடாமல், தூங்காமல்.

"அந்த மடலைப் படிச்சியா?"

"இல்லம்மா. தலைப்பை மட்டும் பார்த்தேன். படிக்கவும் பயம், மூடவும் பயம். நேத்தும் கை வரல."

"திறக்குற தேதியை உன்னால மாத்த முடியுமா?"

சித்ரலேகா முடியும் என்று தலையசைத்தாள்.

"மாத்து."

அவள் கைப்பேசியில் எதையோ அழுத்தினாள், எண் வந்தது, மறுபடி அழுத்தினாள். சங்கரியின் கையிலிருந்த திரையில் பூட்டுப் படம் மறைந்தது. இரண்டு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

'சங்கரி, சித்ரா மாஞ்சோலையில நிக்குதா. மழையில பஸ் வரலையாம். உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டா. வாயால சொல்ல மாட்டேன்னுதான் சொன்னேன், அதனால எழுதுதேன். பரீட்சை முடியட்டும், அதுக்குள்ள உனக்குக் கோவம் ஆறிரும். காலையில நீ சொன்னது சரிதான், நான் இடம் குடுக்கத்தான் செய்யுதேன். கெட்டுப்போற பிள்ளை இல்ல, விடு. இப்பக் கிளம்புதேன். நீ சாப்பிட்டுப் படு.'

அவருடைய குரலிலேயே அது கேட்டது. கோபமில்லை. அன்றைக்கும் இருக்கவில்லை.

பாபநாசம் சத்தமில்லாமல் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். சிராஜுதீனும் சுல்தானும் பின்னால் போனார்கள். கதவு சாத்தப்படும் ஓசை கேட்டும் சங்கரி திரும்பவில்லை. கணவர் மலைமேல் விழுந்து கிடந்த அந்த இரவைப் பற்றி அவள் எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள். அதே மலையில், அதே மழையில், தன் மகளும் இருந்தாள் என்பது இன்றுதான் உறைத்தது.

"அன்னைக்கு எங்க நின்னே நீ?"

"பஸ் நிக்குத இடத்துல." இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "ஸ்டெபியோட அம்மா வீட்டுக்குள்ள வரச் சொன்னாங்க. அப்பா வந்தா நான் நிக்குறது தெரியணும்லான்னு போகல. வளைவுல வெளிச்சம் வாரப்பல்லாம் அப்பான்னு ஓடிப்போய்ப் பார்த்தேன். எல்லாம் சாமான் ஏத்த வந்த லாரிம்மா."

"யாரும் கூட இல்லையா?"

"இல்ல."

"சாப்பிட்டியா?"

சித்ரலேகா தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"யாருமே உன்னைக் கேக்கலையேட்டி," என்றாள் சங்கரி. "சொல்லு. விடியுதவரைக்கும் நடந்ததைச் சொல்லு. நான் கேக்குதேன்."