ஓஸ்வென் தாயாரின் கைப்பேச்சு

பிஷப் அனுப்பிய பாதிரியார் ஏர்ன்வின் படகிலிருந்து இறங்கியபோது முழங்கால் வரை சேறு. அப்படியொரு மூடுபனி. நாணலும் தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை, அவருடைய தும்மல் மட்டும் கேட்டது. நான்தான் கைகொடுத்துக் கரையேற்றினேன்.

"பசி உயிர் போகுதும்மா. முதல்ல சாப்பாடு. கொப்பரையெல்லாம் அப்புறம்" என்றார்.

கொப்பரை என் தங்கை டில்பாவுக்காக. எங்கள் கன்னியர் மடத்து முற்றத்தில் தண்ணீர் ஏற்கெனவே சுட ஆரம்பித்திருந்தது. சாப்பாடு முடிந்ததும் அவள் கொதிநீரில் கைவிட்டு அடியில் கிடக்கும் கல்லை எடுக்க வேண்டும். புண் ஆறினால் நிரபராதி. சீழ் வைத்தால் தூக்குக் கயிறு. எங்கள் மடத்துத் தலைவி ஓஸ்வென் தாயாரை விஷம் வைத்துக் கொன்றதாக அவள்மேல் பழி. தாயார் கடைசியாகக் குடித்தது அவள் காய்ச்சிய தேன் பானம். அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் இவர்களுக்கு?

பழி சொன்னவள் பெர்கித். பிரபுவின் மகள். தாயார் கண்மூடிய மறுநாளே அவருடைய நாற்காலியில் ஏறி உட்கார்ந்த மகராசி. அவள் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுப்படியில் டில்பா என் அங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் ஒண்ணும் பண்ணல அக்கா. சத்தியமா."

"எனக்குத் தெரியாதாடி? அழாதே. அந்தச் சண்டாளி நாசமாப் போவா, பாரு."

ஓஸ்வென் தாயாரைப் பற்றி ஊரார் வேறு மாதிரி பேசுவார்கள். வெறும் சேற்றில் மடம் எழுப்பியவர், கொள்ளைநோயில் கிடந்தவர்களுக்குத் தன் கையால் கூழ் ஊட்டியவர், புனிதை. அவருடைய கல்லறை மண்ணைக் கரைத்து மாட்டுக்கும் மனிதருக்கும் கொடுக்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த அம்மாவுக்கு மன்னிக்கத் தெரியாது. பாலாடைக்கட்டியில் ஒரு துண்டு திருடியவளைச் சாகும்வரை கடைசி இடத்தில் உட்காரவைத்தவர் அவர்.

சாப்பாட்டு மேசையில் வாய் திறக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஒருத்தி வேதம் வாசிப்பாள், மற்றவர்கள் வேண்டியதைக் கையால் கேட்க வேண்டும். அந்தச் சைகைகளையும் அவரே உண்டாக்கினார். நாக்கில் விரல் வைத்தால் தேன். உதட்டில் தடவினால் பானம். கட்டைவிரலை மண்ணைப் பார்த்துக் கவிழ்த்தால் கிழங்கு. தலை முக்காட்டைத் தொட்டால் தாயார். சாவுக்கோ கொலைக்கோ சைகை கிடையாது. சாப்பாட்டு மேசையில் அதெல்லாம் எதற்கு?

அன்று பரிமாறும் முறை என்னுடையது. பாதி குடித்த அந்தப் பானக் குடுவையைச் சாட்சிப் பொருள் என்று பாதிரியார் தன் முன்னால் வைத்திருந்தார். பெர்கித் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தாள்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. புதிதாகத் தோண்டிய குழியின் ஈரமண் வாசனை.

பெர்கித்தின் கையிலிருந்த ரொட்டி நழுவியது. வலது கை தானாக மேலே எழுந்தது. அதை அவளே புரியாமல் பார்த்தாள்.

கை முக்காட்டைத் தொட்டது. தாயார்.

நாக்கைத் தொட்டது. உதட்டைத் தடவியது. தேன் பானம்.

கட்டைவிரல் கவிழ்ந்தது. கிழங்கு.

கடைசியாக அவள் நெஞ்சையே தட்டியது. நான்.

வேதம் வாசித்தவளின் குரல் நின்றுபோனது. சதுப்பில் எந்தக் கிழங்கு ஆளைக் கொல்லும் என்று எங்களில் யாருக்குத்தான் தெரியாது? பெர்கித் இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். அது உதறிவிட்டு மறுபடி அதையே சொன்னது. மறுபடியும். மறுபடியும். அந்த விரல்களின் வெடுக் வெடுக்கென்ற அசைவு அவளுடையதே அல்ல. அது யாருடைய கைவாகு என்று எனக்கு நன்றாகத் தெரியும். எனக்குப் பயமாக இருந்தது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது, எதற்கு மறைக்க வேண்டும்?

பாதிரியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னம்மா, கொசுவா?" என்றார்.

கை இப்போது என் பக்கம் திரும்பியது. ஊற்று.

குடுவையை எடுத்தேன். பெர்கித்தின் கண்கள் கெஞ்சின.

"வேண்டாம் குவென்" என்று முணுமுணுத்தாள். "உன் கால்ல விழறேன்."

"சாப்பாட்டு நேரத்துல பேசக் கூடாதுங்க தாயே" என்றேன்.

ஊற்றினேன்.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். கை அதைத் திறந்தது.

மேசையில் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. பெர்கித் துடித்து விழுந்து அடங்கிய பிறகுதான் நாங்கள் வாய்திறந்து, கை என்ன சொன்னது என்பதைப் பாதிரியாருக்குச் சொன்னோம். வெளிறிப்போனார் மனிதர். "தேவனே தீர்ப்பு சொல்லிட்டார்" என்று சிலுவை போட்டார். மிச்சப் பானத்தை விடிந்ததும் சதுப்பில் கொட்டச் சொன்னார். கொப்பரையின் அடியில் இருந்த நெருப்பை நானே தண்ணீர் ஊற்றி அணைத்தேன். டில்பாவைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதேன்.

சாயங்காலம் விளக்கேற்றி மறுபடி மேசையில் உட்கார்ந்தோம். பெர்கித்தின் உடல் கோவிலில் கிடந்தது. நாற்காலி காலி. டில்பா என்னை ஒட்டி உட்கார்ந்து, நாள் பூராவும் சாப்பிடாதவள், ஆவலாய்க் கூழை அள்ளிக் குடித்தாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

ஈரமண் வாசனை போகவே இல்லை. பிணம் இருக்கும் இடம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

டில்பாவின் கரண்டி கீழே விழுந்தது.

அவள் கை எழுந்தது. கட்டைவிரல் கவிழ்ந்தது. கிழங்கு.

முஷ்டி மேசைமேல் சுழன்றது. அரைத்தது.

பிறகு நெஞ்சைத் தட்டியது.

பாய்ந்து அந்தக் கையை என் மடிக்குள் இழுத்து அமுக்கினேன். ஜில்லென்றிருந்தது. என் தங்கையின் கைக்கு அவ்வளவு பலம் கிடையாது.

"அரைச்சுக் குடுத்தா மடத்துக் கதவைத் திறந்துவிடறேன்னு பெர்கித் சொன்னா அக்கா" என்று அவள் என் காதில் விம்மினாள். "மடத்துக்கு மீன் கொண்டுவர்றாரே, அவரோட போயிடலாம்னு... தாயார் கடைசிவரைக்கும் விடலையே அக்கா."

"வாயை மூடுடி. யாரும் பார்க்கல."

எதிரே இருந்தவர்கள் எல்லோரும் தலை நிமிர்ந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் டில்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

என் இடது கை, நான் ஏவாமலே, பரிமாறுகிறவளைக் கூப்பிட்டு, டில்பாவின் கிண்ணத்தைக் காட்டி, அந்தத் தேன் பானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.