வெயிலில் வைத்த ஷூ

“அண்ணீ... இங்க வாங்க! இது என்னன்னு பாருங்க!”

குகன் போட்ட சத்தத்தில் கலைமகள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். கொழுந்தன் நீட்டிய வெள்ளை ஸ்னீக்கர்ஸைக் கையில் வாங்கிப் பார்த்தாள். துணி முழுக்கத் திட்டுத் திட்டாய் மஞ்சள். அடிப்பாகத்தின் ஓரம் பசை விட்டு வாயைப் பிளந்திருந்தது.

மாமனார் ரத்தினசாமி சாவதற்கு முன் இளைய மகனுக்குக் கடைசியாக வாங்கித் தந்த ஷூ அது. பனியன் கம்பெனிக்குச் சரக்கு வாங்கும் பையர் வரும் நாளில் மட்டும் குகன் அதைப் போடுவான். கழற்றியதும் சுத்தம் செய்து எடுத்து வைப்பவள் கலைமகள்தான்.

“எங்கப்பா ஞாபகம்னு இருந்தது இது ஒண்ணுதான்... இதையும் கெடுத்துட்டீங்களே!”

“இந்தத் தடவ நான் தொடவே இல்லீங்க தம்பி...”

“பின்ன யாரு தொட்டா?” பூஜை அறையிலிருந்து மாமியார் நல்லம்மாள் வந்தாள். “எம்பட சின்னப் பையனுக்குக் கண்ணாலமானதுல இருந்து இவ மொகமே சரியில்ல. புதுசா வந்தவளத் தாங்குறோம்னு வயித்தெரிச்சல்! அத ஷூ மேல காட்டிட்டா!”

கலைமகள் வாசல் நாற்காலியில் இருந்த கணவனைப் பார்த்தாள். அருள்குமார் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“லேஸக் கழட்டித் தனியா ஊற வெப்பேன். காஞ்ச பிரஷ்ல மண்ணத் தட்டிட்டு, லேசான சோப்புத் தண்ணியில தேச்சு, ஈரத்துணியில தொடைப்பேன். உள்ள வெள்ளத் தாளத் திணிச்சு நெழல்லதான் ஆற வெப்பேன். இத்தன வருசம் புள்ளையாட்டப் பாத்துக்கிட்டத நானே கெடுப்பனுங்களா அத்தை?”

“அதான் கெடுத்துட்டு நிக்கறியே!”

வாசல் கதவோரத்தில் குகனின் புது மனைவி கிருத்திகா நின்றிருந்தாள். அவள் விரல்கள் வெளுத்துத் தோல் உரிந்திருந்தன. ஷூவில் குளியலறை கழுவும் பிளீச்சின் நெடி. கலைமகளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணிலிருந்த பயத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

“ஏன்டீ வாயடைச்சுப் போச்சு? முருகன் படத்து மேல சத்தியம் பண்ணு!”

“மாட்டேனுங்க. என்னையே நம்பாதவங்க, என்ற சத்தியத்தையா நம்பப் போறீங்க?”

“அப்ப ஊட்ட உட்டு வெளிய போ!”

அருள்குமார் அப்போதும் பேசவில்லை. மாமியாரின் சொல்லைவிட அதுதான் தைத்தது. கலைமகள் உள்ளே போய், கைக்கு வந்த சேலைகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

“அக்கா... போகாதீங்க!” கிருத்திகா ஓடி வந்து வழியை மறித்தாள். “நாந்தாங்க அத்தை! அவருக்குப் பளிச்சுன்னு இருக்கட்டும்னு பிளீச்சுல ஊற வெச்சு, மொட்டமாடி வெயில்ல காய வெச்சேன்... மஞ்சளாயிருச்சு... பயந்துட்டுச் சொல்லலீங்க...”

“அடிப்பாவி!” குகன் கையை ஓங்கினான். அந்தக் கையைக் கலைமகள் இறுகப் பிடித்தாள்.

“எறக்குங்க தம்பி! ஒரு ஷூவுக்காகப் பொண்டாட்டிய அடிப்பீங்களா? மாமா ஒருநாளாவது அத்தை மேல கை வெச்சிருப்பாரா? அவரு ஞாபகத்தக் காப்பாத்தற லட்சணமா இது!”

குகனின் கை தளர்ந்தது. படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். “மன்னிச்சிருங்க அண்ணி...”

“உங்களுக்கு முன்னயே தெரியுமாக்கா?” கிருத்திகா விம்மினாள்.

“உன்ற கையப் பாத்தப்பவே தெரிஞ்சுது கண்ணு.”

“அப்புறம் ஏங்க்கா திட்டு வாங்குனீங்க...?”

“எனக்குப் பழகிப்போச்சு. உனக்கு அது பழக வேண்டாம்னுதான்...”

கிருத்திகா அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். கலைமகளும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

“கெளம்பு கண்ணு. கை ஓங்குன எடத்துல உன்னத் தனியா உட்டுட்டுப் போக மாட்டேன். சேவூர்ல எங்கம்மா ஊட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வருவோம்.”

அருள்குமார் எழுந்தான். “கலை... நான் கார்ல கொண்டு வந்து உடறேன்.”

“பஸ் இருக்குதுங்க. பேச வேண்டிய நேரத்துல நீங்க பேசியிருந்தாப் போதும்.”

இருவரும் கேட்டைத் தாண்டும்போது பின்னால் நல்லம்மாளின் குரல் உடைந்து கேட்டது. “கலை... ரெண்டு வாய் சாப்புட்டுட்டாவது போ கண்ணு...!”

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமியார் அவளைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. கலைமகள் நின்றாள்.

“திரும்பி வந்து சாப்புடறேனுங்க அத்தை... இப்பத் தொண்டைல எறங்காது.”

கிருத்திகாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.